கல்லுக்குள்ள என்ன இருக்கு? வைரம் வாங்கப் போறவங்க கேட்ட கேள்விகள்

வைரத்தோட குத்தம், கிரேடு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், அனுப்பித் தள்ளிட்டீங்க. பாதிப் பேர் ஒரே கேள்வியத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, அதனால அதை முதல்ல எடுத்துக்கிட்டு கொஞ்சம் நீட்டியே பதில் எழுதிருக்கேன். பேர் வேண்டாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடலை.

கேள்வி: மோதிரத்துக்கு ஒரு காரட் ரவுண்டு கல்லு பாத்துட்டிருக்கேன். ரெண்டு கல்லு எடுத்து வெச்சாங்க, ரெண்டும் ஒரே எடை, ஒரே கலர். ஒன்னு விஎஸ்2, இன்னொன்னு எஸ்ஐ1. விஎஸ்2 விலை நல்லாவே ஜாஸ்தி. என் கண்ணுக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியுது, ஆனா மனசு விஎஸ்2 பக்கமே போகுது. குத்தம் கம்மியா இருக்கறதத்தானே வாங்கணும்?

கண்ணுக்கு ரெண்டும் ஒன்னுன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே மனசு அந்தப் பக்கம் போகுதுங்கறீங்க. மனச இழுக்கறது கல்லு இல்லைங்க, பேப்பர்ல இருக்கற எழுத்து. அந்த எழுத்து எதைச் சொல்லுது எதைச் சொல்லலைன்னு மொதல்ல பாத்துருவோம்.

கிளாரிட்டி (கல்லு குத்தமில்லாம எவ்வளவு தெளிவா இருக்குங்கறது) கிரேடு போடறவங்க கல்ல பத்து மடங்கு பெருசாக்கிப் பாத்துத்தான் போடறாங்க. பயிற்சி எடுத்த ஆளுக்கு அந்தப் பத்து மடங்குலயும் உள்ளேயும் வெளியேயும் ஒன்னுமே தெரியலைன்னா எஃப்எல், உள்ள ஒன்னுமில்ல மேல்பரப்புல மட்டும் லேசா ஏதோ இருக்குன்னா ஐஎஃப், அப்புறம் விவிஎஸ்1, விவிஎஸ்2, விஎஸ்1, விஎஸ்2, எஸ்ஐ1, எஸ்ஐ2, ஐ1, ஐ2, ஐ3 அப்படின்னு மொத்தம் 11 படி. 1950கள்ல ஜிஐஏ (வைரத்துக்கு கிரேடு போடற அமெரிக்க லேப்) கொண்டுவந்த அளவுகோல் இது, மத்த லேப்புகளும் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் போறாங்க. (யாராவது எஸ்ஐ3ன்னு எழுதிக் குடுத்தா கொஞ்சம் உஷாரா இருங்க, ஜிஐஏ பட்டியல்ல அப்படி ஒரு படியே கிடையாது.)

இதுல விஎஸ்2ன்னா லூப் (பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டற குட்டி லென்ஸ்) வெச்சு தேடினா கிடைக்கும், எஸ்ஐ1ன்னா லூப் வெச்சதும் கண்ணுல படும், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டுமே லூப் வழியா பாக்கற கதை. வெறும் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு கிரேடு நேரா எங்கயும் சொல்றதில்ல, "ஐ கிளீன்"னு விக்கறவங்க சொல்றாங்களே அது லேப் குடுக்கற கிரேடு இல்ல, அது அவங்க கண்ணு. உங்க கண்ணு வேற.

இன்னொரு விஷயம், கிரேடு போடறப்போ அளவு, எண்ணிக்கை, இருக்கற இடம், அது என்ன மாதிரி குத்தம், எவ்வளவு எடுப்பா தெரியுது, இந்த அஞ்சையும் சேத்துப் பாத்து கடைசியில ஒரே ஒரு எழுத்தா சுருக்கிடறாங்க. அந்தச் சுருக்கல்லதான் நமக்குத் தேவையான சேதி தொலைஞ்சு போகுது. நடு மேசைக்குக் கீழ (கல்லோட மேல இருக்கற பெரிய தட்டையான பட்டையத்தான் டேபிள்னு சொல்வாங்க) ஒரு குட்டி கரும்புள்ளி இருந்தாலும் எஸ்ஐ1 வரலாம், ஓரத்துல வெள்ளையா கண்ணாடி மாதிரி ஒரு கிரிஸ்டல் அதைவிடப் பெருசா இருந்தாலும் எஸ்ஐ1 வரலாம். முதல் கல்லுல நீங்க கைய நீட்டறப்போ எல்லாம் உங்க கண்ணு அந்தப் புள்ளிக்கே போகும். ரெண்டாவது கல்லுல செட்டிங் பண்றவர் ஒரு நகத்த (கல்லப் பிடிச்சு நிறுத்தற உலோகக் கொக்கி) அது மேல கொண்டுவந்து வெச்சா அதை நீங்களே மறந்துருவீங்க.

பழைய ஆளுங்க வைரத்துக்கு நாலு குத்தம் சொல்லிருக்காங்க: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கா காலடி மாதிரி பிரியற விரிசல், கறை, புள்ளி, கோடு. இன்னிக்கு ரிப்போர்ட்ல ஃபெதர் (விரிசல்), கிளவுட் (பொடிப் புள்ளிக் கூட்டம்), பின்பாயிண்ட் (தனிக் குட்டிப் புள்ளி), நீடில் (ஊசி மாதிரி கோடு)னு வர்றத பாத்தா அதே குடும்பம்தான், ஒன்னுக்கு ஒன்னு அச்சா பொருந்தும்னு சொல்லலை, ஆனா லூப்புக்கு எத்தனையோ காலம் முன்னாடியே "என்ன மாதிரி குத்தம்"னு பிரிச்சுப் பாத்திருக்காங்க பாருங்க. நாம என்னடான்னா ஒத்த எழுத்தப் பாத்து காச எடுத்துக் குடுத்துட்டு வர்றோம்.

இந்த நாலுல நான் பயப்படறது காகபாதத்துக்குத்தான், அதாவது ஃபெதர். கல்லுக்குள்ளயே முடிஞ்சு போற சின்ன ஃபெதர் ஒன்னும் பண்ணாது. ஆனா மேல்பரப்பத் தொடற ஃபெதர், குறிப்பா கர்டில்ல (கல்லோட இடுப்பு) வந்து முடியற ஃபெதர் இருந்தா யோசிக்கணும். வைரம் கீறல் விழாத அளவுக்குக் கடினம்தான், ஆனா கடினம் வேற உறுதி வேற, அதுக்கு நாலு திசையில பிளவுத்தளம் இருக்கு, சரியான கோணத்துல ஒரு இடி விழுந்தா பிளந்துரும். நான் கல்லு பிரிக்கற வேலை கத்துக்கிட்ட காலத்துல கர்டில்ல ஃபெதர் இருந்த ஒரு பேர் ஷேப் (பேரிக்காய் வடிவ) கல்ல "கிரேடுதான் நல்லா இருக்கே"ன்னு செட்டிங்குக்கு அனுப்பிட்டேன், நகத்த மடக்கறப்போ கூர் முனை பொடிஞ்சு வந்துச்சு. செட்டிங் பண்ணவர் மேல தப்பே இல்ல, முனையில ஃபெதர் இருக்குன்னு நான்தான் சொல்லிருக்கணும்.

அதனால உங்களுக்கு என் பதில்: அந்த எஸ்ஐ1 ஏன் எஸ்ஐ1 ஆச்சுன்னு கேளுங்க. ஓரத்துல வெள்ளை கிரிஸ்டலோ பின்பாயிண்டோ இருந்து, கட்டிங்கும் நல்லா இருந்தா, கண்ண மூடிக்கிட்டு அதை எடுத்துட்டு மிச்ச காச கட்டிங்குலயோ சைஸ்லயோ போடுங்க. நடுவுல கருப்பு இருந்தாலோ கர்டில்ல ஃபெதர் இருந்தாலோ விஎஸ்2தான். இது ரவுண்டுக்கு மட்டும் பொருந்தும், ரவுண்டுல 57 பட்டை வெளிச்சத்த துண்டு துண்டா சிதற அடிக்கறதால குத்தம் மறைஞ்சு போகும். எமரால்டு கட் மாதிரி நீள நீளப் பட்டை போட்ட கல்லு ஜன்னல் கண்ணாடி மாதிரி, உள்ள இருக்கறது அப்படியே தெரியும், அங்க விஎஸ்1க்கு கீழ போகாதீங்க.

கேள்வி: ஜிஐஏ ரிப்போர்ட்ல கிரேடு தவிர வேற எதைப் பாக்கணும்? படம் ஒன்னு போட்டு சிவப்பு பச்சையில கிறுக்கிருக்காங்க, ஒன்னும் புரியலை.

அந்தக் கிறுக்கல்தான் ரிப்போர்ட்லயே உருப்படியான பகுதி. சிவப்புன்னா கல்லுக்கு உள்ள இருக்கறது, பச்சைன்னா மேல்பரப்புல இருக்கறது. பக்கத்துல எந்தக் குறி என்னன்னு ஒரு பட்டியல் இருக்கும், பொதுவா அதுல மொதல்ல வர்ற பேருதான் அந்த கிரேடுக்கு முக்கிய காரணம். "ஃபெதர்"னு ஆரம்பிச்சா லூப்ப எடுத்துட்டு கர்டிலுக்குப் போங்க, "கேவிட்டி"ன்னு இருந்தா மேல ஒரு குழி இருக்கு, அதுல அழுக்கு சேர்ந்து நாளாக நாளாக கருப்பாத் தெரியும்.

இதவிட முக்கியம் கீழ கமெண்ட்ஸ்னு ஒரு வரி. நிறைய பேர் அதைப் படிக்கறதே இல்ல. "கூடுதலா கிளவுட் இருக்கு, படத்துல காட்டலை"ன்னு இருந்தா பரவால்ல, பயப்பட ஒன்னுமில்ல. ஆனா "கிளாரிட்டி கிரேடே படத்துல காட்டாத கிளவுட வெச்சுத்தான் போட்டிருக்கோம்"ங்கற அர்த்தத்துல இருந்து, கிரேடு எஸ்ஐ1, எஸ்ஐ2ன்னா உஷார். அந்த கிளவுட் கல்லு முழுக்கப் பரவிக் கிடக்கலாம், படம் பாத்தா சுத்தமா இருக்கும், ஆனா கல்லு மூச்சுக் காத்து பட்ட கண்ணாடி மாதிரி மங்கலா இருக்கும். நீரோட்டம் நல்லா இருக்கான்னு பெரியவங்க கேப்பாங்களே, அது இதைத்தான். இதுக்கு லூப் கூட வேண்டாம், நல்லா தெளிவா இருக்கற இன்னொரு கல்ல பக்கத்துல வெச்சுப் பாத்தாலே தெரிஞ்சுரும்.

சின்ன கல்லுக்கு வர்ற ரிப்போர்ட்ல படம் இருக்காது, அது தப்பு இல்ல, அதோட வடிவமே அப்படி. படம் இல்லாதப்போ கல்ல நேர்ல பாக்கறதத் தவிர வேற வழி இல்ல.

அப்புறம், கர்டில்ல லேசர்ல ரிப்போர்ட் நம்பர் பொறிச்சிருந்தா அதை லூப்ல நீங்களே படிச்சு, லேப் தளத்துல அந்த நம்பரப் போட்டு, எடை, மில்லிமீட்டர் அளவு எல்லாம் ஒத்துப் போகுதான்னு பாருங்க. நம்பர் மட்டும் ஒத்துப் போனா போதாது, நம்பர யார் வேணா பொறிக்கலாம். ரிப்போர்ட்ல சொன்ன ஃபெதர் சொன்ன இடத்துல இருந்தாத்தான் அது அந்தக் கல்லு.

கேள்வி: லூப் ஒன்னு வாங்கினேன், ஆனா கல்லும் தெரியலை குத்தமும் தெரியலை, எல்லாம் மங்கலா இருக்கு. எப்படிப் பிடிக்கணும்?

நீங்க லூப்ப கல்லுகிட்ட வெச்சுட்டு தலைய தூரமா வெச்சிருப்பீங்க, எல்லாரும் மொதல்ல அப்படித்தான் பண்ணுவாங்க. லூப்ப கண்ணுக்கு ஒட்டினாப்ல வெச்சுக்கோங்க, கல்லு பிடிச்ச கைய லூப் பிடிச்ச கையோட முட்டுக் குடுத்துக்கிட்டு மெதுவா கிட்ட கொண்டு வாங்க, கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் தூரத்துல கல்லு பளிச்சுன்னு தெளியும். ரெண்டு கண்ணையும் திறந்தே வெச்சுக்கோங்க, ஒரு கண்ண மூடினா சீக்கிரம் வலிக்கும். வாங்கறப்போ பத்து மடங்கு மட்டும் வாங்குங்க, முப்பது மடங்குன்னு விக்கறதெல்லாம் நமக்கு எதுக்கு, கிரேடே பத்துலதான் போடறாங்க.

பாக்கறதுக்கு முன்னாடி கல்ல நல்லா துடைங்க. வைரத்துல எண்ணெய்ப் பசை சுலபமா ஒட்டிக்கும், ஒரு தடவ விரல் பட்டாலே மங்கிரும். துடைச்ச பிறகும் ஒரு புள்ளி தெரிஞ்சா, கல்ல லேசா சாய்ங்க. மேல்பரப்பு எப்போ தெளிவாத் தெரியுதோ அப்பவே அந்தப் புள்ளியும் தெளிவாத் தெரிஞ்சா அது தூசி, இன்னொரு தடவ துடைங்க. மேல்பரப்பு மங்கி, கல்ல இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வந்தப்புறம்தான் புள்ளி தெளியுதுன்னா அது உள்ள இருக்கு.

மேல இருந்து மட்டும் பாத்துட்டு வெச்சுராதீங்க, பக்கவாட்டுல, அடியில இருந்தும் பாருங்க. அடி முனைக்குப் பக்கத்துல இருக்கற ஒரே ஒரு புள்ளி, பட்டைகள்ல பிரதிபலிச்சு சுத்தி எட்டு புள்ளி மாதிரி தெரியும், பாவம் கல்லு மேல பழி வரும். அடியில இருந்து பாத்தா ஒன்னுதான்னு புரியும். ஆனா மேல இருந்து பாக்கறவங்களுக்கு எட்டாத்தானே தெரியும், அதனால லேபும் அதைக் கணக்குல எடுத்து கிரேடக் குறைச்சுரும்.

வெளிச்சம் பத்தி ஒன்னு. வைரம் விக்கற இடத்துல தலைக்கு மேல குட்டிக் குட்டி விளக்கா இருக்கும், அதுக்குக் கீழ கண்ணாடிச் சில்லு கூட மின்னும். ஜன்னல் ஓரமா, நேர் வெயில் படாத இடத்துக்கு கல்லக் கொண்டு போய்ப் பாருங்க. அங்கயும் உயிரோட இருந்தா அது நல்ல கல்லு.

கேள்வி: ஒரே கல்லுக்கு ஒரு லேப் விஎஸ்2ன்னும் இன்னொரு லேப் எஸ்ஐ1ன்னும் குடுத்திருக்கு. யார் பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லலை. கிரேடுங்கறது எடை மாதிரி அளந்து சொல்ற விஷயம் இல்ல, ஒன்னுக்கு மேல ஆளுங்க தனித்தனியா பாத்து சொல்ற அபிப்ராயம். எல்லைக்கோட்டுல இருக்கற கல்லு இந்தப் பக்கமும் விழும் அந்தப் பக்கமும் விழும். ஒரு படி வித்தியாசம் சகஜம்.

ஆனா சில லேப் எப்பவுமே கை தாராளமா கிரேடு போடும், அது எல்லைக்கோட்டுப் பிரச்சினை இல்ல. ரெண்டு படி, அதுவும் கலர்ல ஒன்னு கிளாரிட்டில ஒன்னுன்னு தள்ளிப் போச்சுன்னா, "நல்ல கிரேடு, குறைஞ்ச விலை"ன்னு தோணறது உண்மையில "சரியான கிரேடு, சரியான விலை"தான், உங்களுக்கு லாபம் ஒன்னும் இல்ல. ஒரே லேப் ரிப்போர்ட் உள்ள கல்லுகள ஒன்னோட ஒன்னு ஒப்பிடுங்க, வேற வேற லேப் கிரேட ஒப்பிடறது ரெண்டு வாத்தியார் போட்ட மார்க்க ஒப்பிடற மாதிரி.

கேள்வி: ரெண்டு கல்லும் ஒரு காரட், ஆனா ஒன்னு பாக்க சின்னதா இருக்கே, எடையில ஏமாத்தறாங்களா?

எடை சரியாத்தான் இருக்கும், தொப்பை போட்டிருக்கு. ஒரு காரட்னா 0.2 கிராம், நல்லா வெட்டின ரவுண்டு கல்லு குறுக்கால 6.4, 6.5 மில்லிமீட்டர் இருக்கணும். 6.2தான் இருக்குன்னா மிச்ச எடை கீழ ஆழத்துலயோ தடிச்ச கர்டில்லயோ ஒளிஞ்சிருக்கு, நீங்க காசு குடுக்கறது கண்ணுக்குத் தெரியாத எடைக்கு. ரொம்ப ஆழமா வெட்டினா நடுவுல இருட்டடிச்சு ஆணித்தலை மாதிரி தெரியும், ரொம்ப தட்டையா வெட்டினா டேபிளுக்குள்ள வெள்ளையா ஒரு வட்டம் தெரியும், மீன் கண்ணு மாதிரி. ரெண்டுமே கிளாரிட்டி ஐஎஃப்பா இருந்தாலும் வேண்டாம்.

நிறைய பேர் குத்தம் குத்தம்னு தேடிக்கிட்டு கட்டிங்க விட்டுடறீங்க, மின்னறது கட்டிங்கால. ரவுண்டுக்கு ஜிஐஏ 2006லேர்ந்து கட் கிரேடும் குடுக்குது, எக்சலண்ட் இல்லாம எதுக்கு வாங்கணும்னுதான் நான் கேப்பேன். மத்த ஷேப்புக்கு வழக்கமா பாலிஷ், சிமெட்ரி ரெண்டுதான் போட்டிருக்கும், அது ரெண்டும் எக்சலண்ட்னு பாத்துட்டு கட்டிங்கே எக்சலண்ட்னு நினைச்சுக்காதீங்க.

கேள்வி: ஃப்ளூரசன்ஸ் ஸ்ட்ராங்னு இருக்கு, வேண்டாம்ங்கறாங்க.

புற ஊதா வெளிச்சத்துல நீலமா ஒளிரும், அவ்வளவுதான், எத்தனையோ வைரத்துக்கு உண்டு. 1997ல ஜிஐஏ ஆளுங்களை வெச்சு சோதிச்சுப் பாத்தப்போ சாதாரண ஜனங்களால வித்தியாசமே கண்டுபிடிக்க முடியலை. சில கல்லுல மட்டும் வெயில்ல எண்ணெய் தடவின மாதிரி மங்கல் தெரியும், அதனால வெளிய கொண்டுபோய் பாத்துட்டு, தெளிவா இருந்தா இதைச் சொல்லியே பேரம் பேசுங்க.

கேள்வி: "கிளாரிட்டி என்ஹான்ஸ்டு"ன்னு ஒரு கல்லு, பெரிய சைஸ், விலை ரொம்பக் கம்மி. வாங்கலாமா?

என்ன பண்ணிருக்காங்கன்னு தெரியாம வாங்காதீங்க. ரெண்டு விதம் இருக்கு. கரும்புள்ளி வரைக்கும் லேசர்ல மெல்லிசா துளை போட்டு ஆசிட் விட்டு வெளுக்கறது ஒன்னு. அந்தத் துளை பக்கவாட்டுல பாத்தா மயிரிழை மாதிரி தெரியும், அது நிரந்தரம், சொல்லி வித்தா எனக்கு ஆட்சேபம் இல்ல, ஜிஐஏவும் ரிப்போர்ட்ல குறிப்பு போட்டு கிரேடு குடுக்கும்.

இன்னொன்னு விரிசலுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு பொருள உருக்கி ஊத்தி மறைக்கறது. இந்தக் கல்லுக்கு ஜிஐஏ கிரேடே குடுக்காது, காரணம் அது நிலையானது இல்ல, பின்னாடி மோதிரம் ரிப்பேருக்குப் போய் அங்க நெருப்பு பட்டா உள்ள ஊத்தினது கெட்டுப் போய் விரிசல் மறுபடி பல்ல இளிக்கும். லூப்ல கல்ல சாச்சு சாச்சுப் பாருங்க, விரிசல் ஓரமா ஊதா, ஆரஞ்சு, பச்சைநீலம்னு ஒரு மின்னல் நிறம் மாறி மாறி வந்துச்சுன்னா ஊத்தின கல்லு. நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: டெஸ்டர் பேனாவ வெச்சா பீப்னு சத்தம் வருது, அப்போ அசல் வைரம்தானே?

சூட்ட எவ்வளவு வேகமா கடத்துதுன்னு மட்டும் பாக்கற டெஸ்டர் மாய்சனைட்டுக்கும் (பாக்க வைரம் மாதிரியே இருக்கற வேற கல்லு) பீப் அடிக்கும். அமெரிக்கன் டைமண்ட அது பிடிச்சுரும், மாய்சனைட்டப் பிடிக்காது. மாய்சனைட்ட லூப்ல கொஞ்சம் சாச்சுப் பாத்தா பின்பக்கத்துப் பட்டையோட விளிம்பு ரெட்டையாத் தெரியும், வைரத்துல அப்படித் தெரியாது.

லேப்ல வளத்த வைரம்னா லூப்பும் டெஸ்டரும் கைவிரிச்சுரும், ஏன்னா அதுவும் வைரமேதான். நல்ல கருவி உள்ள லேப்புக்குத்தான் போகணும். ஜிஐஏ 2025லேர்ந்து லேப் வைரத்துக்கு இந்த விஎஸ், எஸ்ஐ எல்லாம் போடாம பிரீமியம், ஸ்டாண்டர்டுன்னு ரெண்டே பிரிவா மாத்திருச்சு, அதனால பழைய ரிப்போர்ட் உள்ள லேப் கல்லும் புது ரிப்போர்ட் உள்ளதும் பக்கத்துல பக்கத்துல இருந்தா குழம்பிக்காதீங்க.

கேள்வி: எங்க பாட்டி மோதிரத்துல ஒரு வைரம் இருக்கு, உள்ள ஒரு கரும்புள்ளி வெறும் கண்ணுக்கே தெரியுது. கிரேடு வாங்கி வெச்சுக்கலாம்னு பாக்கறேன். லேப்ல கல்ல கழட்டிக் கொண்டு வரச் சொல்றாங்க.

சரியாத்தான் சொல்றாங்க, செட்டிங்ல இருக்கறப்போ உலோகம் பாதிய மறைச்சுக்கும், உலோகத்தோட நிறம் கல்லுல ஏறி கலரையும் ஏமாத்தும். தங்கத்துல லேசான மஞ்சள் தெரியவே தெரியாது, கழட்டினதும் தெரியும். முறையான கிரேடு வேணும்னா உதிரிக் கல்லாத்தான் குடுக்கணும்.

வெறும் கண்ணுக்குத் தெரியுதுன்னா எஸ்ஐ2 இல்ல ஐ1 வரலாம், நேர்ல பாக்காம இதுக்கு மேல சொல்ல முடியாது. விக்கற எண்ணம் இல்லைன்னா கிரேடு எதுக்குன்னு ஒரு தடவ யோசிங்க. உலகப் புகழ் பெற்ற ஹோப் டைமண்டுங்கற நீல வைரத்துக்கே ஜிஐஏ குடுத்தது விஎஸ்1தான், 45.52 காரட், அதைப் பாக்க ஜனம் வரிசையில நிக்குது.

கழட்டறதுன்னே முடிவு பண்ணிட்டா, அதுக்கு முன்னாடி லூப்ப எடுத்து உக்காருங்க. காகிதத்துல ஒரு வட்டம் போட்டு, நாலு நகமும் எங்க இருக்குன்னு குறிச்சுக்கிட்டு, அந்தக் கரும்புள்ளி எந்த நகத்துக்குப் பக்கம், எவ்வளவு உள்ள தள்ளி, பக்கத்துல வேற புள்ளியோ கோடோ உண்டான்னு வரைஞ்சு வெச்சுக்கோங்க, படம் அழகா வரணும்னு இல்ல. கழட்டினதும் அங்கயே எடை போட்டு சென்ட் கணக்கு எழுதி வாங்கிக்கோங்க. கல்லு திரும்பி வர்றப்போ அந்தப் படத்த எடுத்து பக்கத்துல வெச்சு, புள்ளி அதே இடத்துல இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க.